கூடை சுமந்த கழுத்து

காலமெல்லாம் கொழுந்தெடுத்த ஒரு பெண் தலைக்குக் குளித்துவிட்டு லயத்து வாசலில் முடி உலர்த்தும்போது பாருங்கள். உச்சியில் ஒரு தடம் தெரியும். கூடைக்கயிறு கிடந்த இடம் அது. அங்கே முடி அடர்த்தி குறைந்து தோல் தடித்திருக்கும். சிலருக்கு விரல் வைத்தால் பள்ளமே தட்டுப்படும். கொங்காணியை மடித்துப் போட்டு அதன் மேல்தான் கயிற்றை மாட்டுகிறார்கள், இருந்தும் பதிகிறது. என் அக்காவுக்கும் அந்தத் தடம் உண்டு.

தேயிலைப் பெட்டியில் அச்சாகும் படத்தைப் பார்ப்பவர்களுக்குக் கூடை முதுகில் இருப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் பாரம் முழுவதையும் தாங்குவது தலை. கூடை பின்னால் இழுக்கும்; அதற்கு ஈடுகொடுக்கக் கழுத்தை முன்னால் நீட்டி, சரிவில் காலை ஊன்றிக்கொண்டு, மட்டக்கம்புக்கு மேலே இரண்டு கையையும் ஓட்ட வேண்டும். பெரட்டு முடிந்து மலைக்கு ஏறியதிலிருந்து கொழுந்து நிறுக்கும் வரை இதே நிலைதான். பிரம்புக்கூடை குறைந்து இப்போது பல இடங்களில் நைலோன் சாக்கு வந்துவிட்டது. கூடையின் கனம் போயிற்று, கயிறு மட்டும் தலையிலேயே இருக்கிறது. மழை நாளில் ஈரக் கொழுந்து கூடுதலாகக் கனக்கும். அந்தத் தண்ணீருக்கென்று தராசில் கிலோவைக் கழித்துவிடுவார்கள்; அவள் சுமந்தது சுமந்ததுதான். தலைச்சுமை தூக்குகிறவர்களுக்கு மற்றவர்களைவிடக் கழுத்தெலும்புத் தேய்மானம் அதிகம் என்று கானா நாட்டு மருத்துவர்கள் 1994இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் மலைகளில் அதை யாரும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த லயத்திலும் கதவைத் தட்டிக் கேட்டால் தெரியும்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. பொடனி வலி அவளுக்குப் பழைய விஷயம். சித்தாலேப பூசுவாள், கோடாலித் தைலம் தேய்ப்பாள், ராவைக்கு இரண்டு பெனடோல் போட்டுப் படுப்பாள், விடிந்ததும் மலைக்குப் போவாள். வலி வலது தோளுக்கு இறங்கி, முழங்கை வழியாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். அந்த இரண்டு விரலாலும்தான் கொழுந்தை ஒடிக்க வேண்டும். "ஒடியுறது கண்ணுக்குத் தெரியுது தம்பி, விரலுக்குத் தெரியல" என்றாள். எந்த மருத்துவப் புத்தகமும் மரத்துப்போவதை இதைவிடச் சரியாக விவரித்து நான் படித்ததில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டி, 2017 மே மாதம் நரேந்திர மோடி வந்து திறந்து வைத்த ஆஸ்பத்திரி அது. முதுகெலும்புச் சத்திரசிகிச்சை என்றால் அதற்கப்பால் கண்டிக்குத்தான் போக வேண்டும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் அவள் இரண்டு கையாலும் பொடனியைப் பிடித்துக்கொண்டாள். கிளினிக் நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. உயர்ந்தாலும், வேலைக்குப் போனால்தான் காசு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் போய்வரும் செலவையும் விழாத பேரையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்கேனைப் பார்த்த டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். கழுத்தில் ஏழு எலும்புகள். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே இருக்கும் சவ்வு பிதுங்கி, வலக்கைக்குப் போகும் நரம்பை அது வெளியேறும் இடத்திலேயே நெருக்குகிறது. ஒப்பரேஷன் செய்யலாம். செய்யாமல் கொஞ்ச காலம் மருந்திலும் பயிற்சியிலும் பார்க்கலாம். வீட்டில் பேசி முடிவெடுத்துச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "என்னா தம்பி இது? டொக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எந்த மலைக்குப் போவது, எந்த நிரையில் நிற்பது, எப்போது இறங்குவது என்று எல்லாவற்றையும் இத்தனை வருடமும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் உடம்பைப் பற்றி அவளிடமே ஒருவர் முடிவு கேட்டது அன்றைக்குத்தான். அது அவளுக்கு மரியாதையாகத் தெரியவில்லை, கைவிட்டுவிட்டது போலத் தெரிந்தது. டொக்டர் கேட்டது சரிதான் என்று அவளுக்கு விளங்கவைக்க, நான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கழுத்து நோய் எல்லாம் ஒன்றல்ல. கழுத்தில் மட்டும் வலி என்றால் ஒப்பரேஷனால் கிடைக்கும் பலன் நிச்சயமில்லை. பெரும்பாலான மருத்துவர்கள் கத்தியை எடுக்கத் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். நரம்பு நெருக்கப்பட்டுக் கைக்கு வலி இறங்கினால் அது வேறு. அதிலும் பலருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானாகவே தணிகிறது. நடுவே ஓடும் தண்டுவடமே நசுங்குவதுதான் பயப்பட வேண்டிய நிலை. அங்கே காத்திருக்கக் கூடாது. ஒப்பரேஷன் பெரும்பாலும் கெடுவதை நிறுத்தத்தான் உதவும். போன பலம் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. மேல் லயத்து அண்ணன் ஒருவர், உரமூட்டை சுமந்தவர், கால் இழுபட ஆரம்பித்த பிறகும் சுளுக்கு வழிக்கிறவரிடமே கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒப்பரேஷன் நடந்தது. நோய் அந்த இடத்தில் நின்றது. இப்போதும் கோலூன்றித்தான் நடக்கிறார்.

அக்காவுக்கு இருந்தது இரண்டாவது வகை. இரண்டு வழியும் திறந்திருக்கும் இடம் அது. அதனால்தான் டொக்டர் கேட்டார்.

ஒப்பரேஷன் என்ன என்பதையும் விசாரித்தேன். 1950களில் அமெரிக்காவில் ஸ்மித், ரொபின்சன் என்ற இருவரும், க்ளவர்ட் என்ற இன்னொருவரும் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. கழுத்தின் முன்பக்கம் கீறி, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கி, கெட்ட சவ்வை எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டையோ செயற்கைக் கூட்டையோ வைத்து, தேவைப்பட்டால் தகடும் திருகாணியும் பூட்டி, இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டும்படி செய்கிறார்கள். "பொடனி வலிக்கு தொண்டையையா அறுப்பாங்க?" என்று அக்கா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் சில நாள் இருக்கும், அபூர்வமாகச் சிலருக்கு அப்படியே தங்கிவிடும். எலும்பு ஒட்ட மாதக்கணக்காகும். நிக்கொட்டின் அதைத் தாமதப்படுத்தும் என்பதால் வெற்றிலையோடு போடும் புகையிலையை விட வேண்டும். குளிரில் மலையில் நிற்பவளுக்கு அது எவ்வளவு பெரிய கட்டளை என்று வெற்றிலை போடாதவர்களுக்குப் புரியாது. ஒட்டிய இடம் அசையாததால் மேலும் கீழும் உள்ள மூட்டுகளுக்குச் சுமை கூடும் என்ற பேச்சும் உண்டு. அமெரிக்க ஆய்வொன்று 1999இல், இப்படிச் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குப் பத்து வருடத்துக்குள் பக்கத்து மூட்டில் புதிய தொல்லை வரக்கூடும் என்று கணித்தது.

எங்களை நிதானப்படுத்தியவை இரண்டு விஷயங்கள். ஒன்று, 1990இல் வந்த ஒரு ஸ்கேன் ஆய்வு. கழுத்தில் எந்த வலியும் இல்லாதவர்களையே படம் எடுத்துப் பார்த்தார்கள். நாற்பது வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்குச் சவ்வு தேய்ந்தோ ஒடுங்கியோ இருந்தது. ஆகவே படத்தைப் பார்த்து மட்டும் பயந்து முடிவெடுக்கக் கூடாது. கையும் காலும் என்ன சொல்கின்றன என்பதே முக்கியம். மற்றது 1997இல் சுவீடனிலிருந்து வந்த ஆய்வு. அக்காவுக்கு இருந்தது போலக் கைக்கு வலி இறங்கிய 81 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒப்பரேஷன், ஒன்றுக்குப் பிசியோதெரபி, ஒன்றுக்குக் கழுத்துப் பட்டி. நாலு மாத அளவில் ஒப்பரேஷன் செய்தவர்கள் தேறியிருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 81 பேர் என்பது சின்னக் கணக்குத்தான். அவர்கள் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்தெடுத்தவர்களும் இல்லை. அதனால்தான் அடுத்த கிளினிக்கில், என் மனதை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன்: ஒப்பரேஷன் செய்தால் அக்கா திரும்பவும் கூடை மாட்டலாமா?

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். எவ்வளவு கனம், எவ்வளவு நேரம், கயிறு தலையில் எந்த இடத்தில் என்று கேட்டார். அக்கா எழுந்து நின்று, கொங்காணி போடுவது போல முந்தானையை மடித்து உச்சியில் வைத்துக் காட்டினாள். பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "ஒப்பரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் இனித் தலையில் கயிறு வேண்டாம்."

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி முடிவு வந்துவிட்டது. எலும்பை ஒட்டவைத்து மறுபடியும் அதே கயிற்றுக்கு அனுப்புவதில் பொருளில்லை. ஆனால் கயிற்றை விடுவது கத்தியைவிடக் கஷ்டமாக இருந்தது. பெண்களுக்கு ஐம்பது வயதில்தான் ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வரும், அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அவள் பேர் நின்றுவிட்டால் லயத்துக் காம்பராவைப் பற்றிய பேச்சும் எழலாம். மச்சான் மட்டும் தெளிவாக இருந்தார். "காம்பரா போனா போகட்டும். கை போனா யாரு குடுப்பா?" என்றார். டொக்டரின் கடிதத்தோடு ஒபீசுக்கு நடந்தோம். லேசான வேலைக்கு ஆள் நிரம்பிவிட்டது என்றார்கள். மறுபடியும் நடந்தோம். சங்கத் தலைவரும் கூட வந்து பேசிய பிறகு, நாற்று வளர்க்கும் தவறணையில் வேலை கிடைத்தது. நாற்றுப் பையில் மண் நிரப்பக் குனியத்தான் வேண்டும். ஆனால் வேண்டும்போது நிமிர்ந்து கொள்ளலாம், தலையில் பாரமில்லை.

இப்போதைக்கு ஒப்பரேஷன் வேண்டாம் என்று அக்காவே சொன்னாள், டொக்டரும் சரி என்றார். பிசியோதெரபியில் காட்டிக்கொடுத்த பயிற்சியை அடுப்பு மூட்டுவதற்கு முன் செய்கிறாள். தோள் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஆள்காட்டி விரல் நுனியில் மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஊக்கு மாட்ட முடியாமல் போனால், கையிலிருந்து பாத்திரம் நழுவினால், கான் தாண்டும்போது கால் இழுபட்டால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிறகு ஒப்பரேஷன் என்றால் ஒப்பரேஷன்தான். இதை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

கழுத்து வலியோடு மலைக்குப் போகும் அக்காமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் நான் சொல்வது: விரல் மரத்தால் தைலத்தோடு நிற்காதீர்கள், கழுத்தை முறித்து விடுகிறவரிடம் போகாதீர்கள். கிளினிக்குக்கு மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், விளங்காமல் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். எனக்கு நசுங்குவது நரம்பா, தண்டுவடமா என்று கேளுங்கள். சுமக்கிற விதத்தை டொக்டருக்கு எழுந்து நின்று காட்டுங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையை மாட்டுவது போல இரண்டு தோளிலும் பட்டி போட்டுக் கொழுந்துப் பையைத் தைப்பதற்குப் பெரிய செலவில்லை. தலைக்கயிறு வேண்டாம் என்பதை அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து ஒரு கோரிக்கையாக வையுங்கள்.