சாயத் தண்ணீரும் இணைய நூலகமும்

தானாகக் கற்க விரும்புகிறவனுக்கு மூன்று பொருள்கள் வேண்டும். நூல் வேண்டும், ஐயம் தீர்ப்பார் வேண்டும், இவ்விரண்டையும் தேட வைக்கும் கேள்வி ஒன்று வேண்டும். முதல் இரண்டையும் இன்று இணையம் தருகிறது. மூன்றாவதை அது தருவதில்லை. கைப்பேசியை எந்நேரமும் கையில் வைத்திருந்தும் நம்மில் பலர் ஒன்றும் கற்காமல் உறங்கப் போவதற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன். கேள்வி இல்லாதவனுக்கு இணையம் திருவிழாக் கடைத்தெரு. கேள்வி உள்ளவனுக்கு அது நூலகம்.

எனக்குக் கேள்வியைத் தந்தது நகரி. என் பெற்றோர் தறி வேலையை நாடி ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து அங்கே குடியேறியவர்கள். நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் எங்கும் விசைத்தறி ஓசை கேட்கும். தறி உள்ள ஊரில் சாயப் பட்டறையும் உண்டு. பட்டறையை அடுத்த சாக்கடை ஒரு நாள் சிவப்பாக ஓடும். மறுநாள் நீலமாக ஓடும். விலை கொடுத்து வாங்கிய சாயம் நூலில் ஏறாமல் சாக்கடையில் ஓடுவானேன்? வேதியியல் முதுகலை வகுப்பில் சேர்ந்த பிறகும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. பாடத்திட்டத்தில் சாயம் ஓர் அத்தியாயம். சாக்கடை அதில் இல்லை.

ஆகவே தேடத் தொடங்கினேன். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் துணித்துறைப் பேராசிரியர்களின் விரிவுரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. இரவில் விடுதி அறையில் அவற்றைக் கேட்டேன். விளங்காத இடத்தில் நிறுத்தி, மறுபடியும் கேட்டேன். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத ஆசிரியர் இவர்!

பருத்தி நூலுக்கு இக்காலத்தில் பெரிதும் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. இந்தச் சாயம் நூலின்மேல் பூச்சாக ஒட்டிக்கொள்வதில்லை. நூலின் செல்லுலோசோடு வேதிப் பிணைப்பால் ஒன்றாகிவிடுகிறது. எளிதில் வெளுக்காததன் இரகசியம் அதுதான். ஆனால் தண்ணீரில் பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையது; சாயமும் அப்படியே. ஒன்றை ஒன்று விலக்கும். உப்பைக் கொட்டினால் அந்த விலக்கு தணிந்து சாயம் நூலை நெருங்குகிறது. பிறகு சோடா ஆஷ் சேர்த்தால் பிணைப்பு உண்டாகிறது. தொல்லையும் அங்கேயே பிறக்கிறது. நூலோடு சேர வேண்டிய சாயத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்துவிடுகிறது. அப்படிச் சேர்ந்தது இனி எந்த நூலிலும் ஏறாது. சாயத்தின் வகையைப் பொறுத்து ஏறத்தாழ நூற்றுக்கு 10 முதல் 40 பங்கு வரை இவ்வாறு வீணாகும். சாக்கடையின் நிறம் அது.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பட்டறையில் வேலை செய்யும் மாமா ஒருவரிடம் இதைச் சொன்னேன். முப்பது ஆண்டுகளாகச் சாயத்தொட்டியில் கை நனைத்தவர் அவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உப்புப் போட்டாத்தான் சாயம் ஏறும்னு எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்தாரு, தம்பி. ஏன்னு யாரும் சொல்லலை. சரி, சாயம் வெளியே போறது கண்ணுக்குத் தெரியுது. போட்ட உப்பெல்லாம் எங்கே போவுது?"

விரிவுரையைக் கேட்ட எனக்குத் தோன்றாத கேள்வி, கேளாத அவருக்குத் தோன்றியது! நிறத்தை நீக்கக் கட்டடங்களும் தொட்டிகளும் உண்டு. நீரில் கரைந்த உப்போ வண்டலாகப் படியாது. தெளிந்த தண்ணீரோடு தெரியாமலே போய் ஆற்றிலும் கிணற்றிலும் சேரும். நொய்யலாற்றின் கதை அதுதானே! கழிவுநீர் வெளியேறாமல் செய்ய வேண்டும் என்ற கட்டளை நிறைவேறாததால், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டதை நாடறியும். எங்கள் குசத்தலை ஆற்றுக்கும் இந்தக் கேள்வி உரியது.

"இதையெல்லாம் தமிழ்ல எழுதி வெச்சிருக்காங்களா? இருந்தா குடு, நானே படிச்சுக்கறேன்" என்றார் மாமா. தேடினேன். அவருக்குப் புரியும் நடையில் என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் மலை போல் குவிந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் தொட்டியருகே நிற்பதில்லை. தொட்டியருகே நிற்பவனுக்கு அது எட்டுவதில்லை.

இணையத்தில் இன்பமாகக் கற்பதற்கு எத்தனையோ உண்டு. 1995 சூன் 16 முதல் வானியல் படம் ஒன்றை நாள்தோறும் விளக்கத்தோடு வெளியிடுகிறார்கள் நாசாவோடு தொடர்புடைய அறிஞர்கள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' பொம்மலாட்டத்தில் அணுவையும் மின்சுற்றையும் விரலால் ஆட்டிப் பார்க்கலாம். தீப்பெட்டிக் குச்சியையும் பழைய குப்பியையும் கொண்டு விஞ்ஞானம் கற்பிக்கும் அரவிந்த் குப்தாவின் படங்களை நம் வீட்டுச் சிறுவர்களுக்கு இன்றே காட்டுங்கள். இவற்றைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் நம் மொழியில் இருப்பவற்றை யார் வைத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தோமா?

1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. பள்ளியில் தெலுங்கு படித்து, தாயிடம் தமிழ் எழுத்துக் கற்ற என்னைப் போன்றவர்களுக்குத் தமிழ் நூலகம் என்றால் அது இணையந்தான். அந்த நூலகத்தின் அலமாரிகளைக் கட்டியவர்களில் பலர், வியப்பென்ன, நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். தொண்டர்கள் ஊதியம் கருதாமல் இலக்கியங்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு முதலில் அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கட்டடக் கலைஞராகத் துபாயில் பணியாற்றியவர். அக்களஞ்சியம் 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் பிறந்த 'நூலகம்' திட்டம் ஈழத்து ஏடுகளை எந்தத் தீயும் தீண்டாத இடத்தில் சேர்த்து வருகிறது.

பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது 1954இல்; திருப்பதியில் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே ஆண்டு. 1968க்குள் பத்துத் தொகுதிகள் முடிந்தன. அந்தப் பெருநூலை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் எவரும் புரட்டலாம். அங்குள்ள கலைச்சொல் அகராதிதான் எனக்குத் துணை நின்றது. ஆம், மாமாவுக்காக நான்கு பக்கங்கள் நானே எழுதினேன். 'நீராற்பகுப்பு' என்ற சொல் வந்த இடத்தில் விரலை வைத்து, "இதுக்குப் பக்கத்துல, சாயம் நூலை விட்டுட்டுத் தண்ணியைக் கட்டிக்கிச்சுன்னு போடு தம்பி" என்றார். போட்டேன். அதைவிடச் சிறந்த விளக்கம் எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை. இப்பொழுது அந்தப் பக்கங்கள் பட்டறையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உப்பைக் குறைவாகக் கேட்கும் சாயங்களும் உண்டாமே என்று அங்கிருந்து அடுத்த கேள்வியும் வந்துவிட்டது!

தோழர்களே, நாம் இயற்பியலும் உயிரியலும் கணிதமும் கற்கிறோம். தேர்வு முடிந்ததும் குறிப்பேட்டைப் பழைய தாள் கடையில் போடுகிறோம். அதில் ஒரே ஒரு செய்தியை எடுத்து, நம் ஊரில் அது யாருக்குப் பயன்படும் என்று எண்ணி, அவருக்கு விளங்கும் தமிழில் ஆண்டுக்கு ஒரு கட்டுரை எழுதினால் என்ன? முதலில் நம் மன்றத்தின் கையெழுத்து ஏட்டில் எழுதுவோம். பிழை பார்த்து, சான்று சேர்த்து, விக்கிப்பீடியாவில் ஏற்றுவோம். லோசானிலும் துபாயிலும் இருந்தவர்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்காகவே உழைத்தார்கள். எடுத்துப் படித்தவர்கள் ஒரு நூலேனும் வைத்துவிட்டுப் போவதுதான் முறை.