மீசை வைத்த வேடன்

பூவிருந்தவல்லி என்ற பெயரிலேயே பூமணம் கமழ்கிறது. காஞ்சி வரதனுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் அல்லவா? பக்கத்து ஆவடியில் 1955-ஆம் வருஷம் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தது. சென்னையின் மேற்கே வயல்களெல்லாம் வீடுகளாயின. ஆயினும் ஏரிக்கரைப் புதர்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் பழங்குடிகள் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை நேயர்களுக்கு அறிமுகம் செய்விக்க விரும்புகிறோம்.

அம்பத்தூர் ஏரிப் பக்கம் உலாவச் சென்றபோது, எருக்கஞ்செடியின் நுனியில் அது அமர்ந்திருந்தது. ஒல்லியான நீண்ட உடல், முள் அடர்ந்த கால்கள், பிதுங்கிய கண்கள்.

"குளவி, ஸார்! அடித்துவிடுவோம்" என்று செருப்பைக் கழற்றினார் நண்பர்.

"பொறும் ஐயா! முதலில் சிறகை எண்ணுவோம்" என்றோம்.

குளவிக்குச் சிறகு நான்கு; ஈக்கு இரண்டே. குளவியின் முன்சிறகும் பின்சிறகும் கொக்கிகளால் கோத்திருப்பதால் கண் ஏமாறலாம். ஆனால் ஈக்குப் பின்சிறகின் ஸ்தானத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு உறுப்புக்கள் உண்டு. அவை இதனிடம் இருந்தன. ஆகவே இது ஈதான்.

எந்த ஈ? முகமே சொல்லிவிடும். உச்சந்தலையில் இரு கண்களுக்கும் நடுவே ஒரு பள்ளம். வாய்க்கு மேலே அடர்ந்த மீசை! ஆங்கிலேயர் இதனைக் 'கொள்ளைக்கார ஈ' என்பர். சாஸ்திரக்காரர் 'அஸிலிடே' குடும்பம் என்பர். உலகில் இக்குடும்பத்தில் 7,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

செடி நுனிதான் இதன் பரண். பறந்து செல்லும் பூச்சியை ஆகாயத்திலேயே பற்றி, ஊசிபோன்ற வாயால் குத்தி, விஷ உமிழ்நீரைச் செலுத்துகிறது. இரையின் உள்ளுறுப்புக்கள் கரைந்து கூழானதும் உறிஞ்சிவிடுகிறது. துடிக்கும் இரையிடமிருந்து முகத்தைக் காக்கும் கேடயமே அந்த மீசை.

தேனீயையும் இது விடுவதில்லை. ஆதலால் பரம சாது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வெட்டுக்கிளியையும் வண்டையும் தின்கிறது. மண்ணுக்குள் வாழும் இதன் புழுக்கள் வண்டுப் புழுக்களை இரையாக்குகின்றன. கையில் பிடித்து நசுக்கினாலன்றி மனிதரைக் குத்துவது அரிது. மல்லிகைப் பந்தலில் பூச்சி மருந்தைக் கண்மூடித்தனமாகத் தெளித்தால் பகைவரோடு இந்தக் காவற்காரனும் மடிவான்.

அடுத்த முறை உங்கள் குழந்தை "பூச்சி!" என்று அலறினால், துடைப்பத்தைத் தேடாதீர்கள், சிறகை எண்ணச் சொல்லுங்கள்.