ஆங்கில உயிர்களின் விந்தை

தமிழ் நெடுங்கணக்கில் உயிர்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவமும் தனி ஒலியும் உள. ஆங்கிலத்திலோ ஏ, ஈ, ஐ, ஓ, யூ என உயிரெழுத்துக்கள் ஐந்தே. ஆயினும், தென்னிங்கிலாந்துக் கற்றோர் வழக்கில் உயிரொலிகள் ஏறத்தாழ இருபது என்பர் மொழிநூலார். இருபதின்மர் ஆற்றவேண்டிய தொழிலை ஐவர் சுமக்கும் இல்லத்தில் ஒழுங்கு எங்ஙனம் நிலைக்கும்?

இவ்வைவரின் விளையாட்டுக்கள் பல. வேடிக்கையாகப் பேசுதலைக் குறிக்கும் 'ஃபஸீஷஸ்' என்னுஞ் சொல்லிலும், உண்டியிற் சுருக்கங் காத்தலைக் குறிக்கும் 'அப்ஸ்டீமியஸ்' என்னுஞ் சொல்லிலும் ஐந்துயிரும் வரிசை பிறழாது ஒவ்வொரு முறையே வருகின்றன. தாள நடையைக் குறிக்கும் 'ரிதம்' என்பதிலோ ஐந்தில் ஒன்றேனும் இல்லை. ஒய் என்னும் எழுத்தே உயிரின் வேலையைச் செய்கின்றது. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பது ஒன்பது எழுத்தாலாய சொல். அதில் உயிர் ஒன்றே. மக்கள் வரிசையைக் குறிக்கும் 'கியூ' என்பதில் ஒரு மெய்யின் பின்னே நான்கு உயிர்கள் அணிவகுத்து நிற்கின்றன. அந்நான்கையும் நீக்கி முதலெழுத்தின் பெயரை மட்டும் சொல்லினும் ஒலி மாறாது!

விளையாட்டு சிலர்க்கு வினையாவதும் உண்டு. என் நண்பர் ஒருவர் சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் வழியே பயின்றவர். முதலாண்டு வகுப்பில் ஆங்கிலப் பாடம் படிக்க எழுந்தவர், மகளிரைக் குறிக்கும் 'விமென்' என்னுஞ் சொல்லை எழுத்துள்ளவாறே 'வோமென்' என்று படித்தார். வகுப்பு முழுதும் நகைத்தது. அன்றுதொட்டு அவர் அவ்வகுப்பில் வாய் திறந்திலர். எழுதியதை ஒலிப்பதே படிப்பு என்று தாய்மொழி கற்பித்த நெறியையன்றோ அவர் கைக்கொண்டார்? ஓ என எழுதி இகரமாக ஒலிப்பானேன்? இவ்வினாவே என்னை நூல்நிலையத்திற்கு ஈர்த்துச் சென்றது.

பழைய ஆங்கிலத்தில் பெண்ணைக் குறித்த சொல் 'வீஃப்மன்' என்பது. முன்னின்ற இதழொலியின் சார்பால் ஒருமையில் இகரம் உகரமாய்த் திரிந்தது. பன்மையிலோ பழைய இகரமே தங்கிற்று. அக்காலத்து ஏடெழுதுவோர் யூ, எம், என் முதலிய எழுத்துக்களை ஒரே வகைக் குறுங்கோடுகளால் எழுதினர். அவை அடுத்தடுத்து வரின் பிரித்தறிதல் அரிதாகவே, யூ நின்ற இடத்தில் ஓவை இட்டனர் என்பர். மகனைக் குறிக்கும் 'சன்', அன்பைக் குறிக்கும் 'லவ்' என்பவற்றில் ஓ வந்ததும் இவ்வாறே. பின்னர்ப் பன்மைச் சொல்லும் எழுத்தளவில் ஒருமையைப் பின்பற்றிற்று.

மற்றொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெட்டுயிர்கள் ஒலியில் இடம் பெயர்ந்தன. நம் 'நாமம்' என்பதற்கு உறவாகிய 'நேம்' என்னுஞ் சொல்லும் முன்பு ஆகார ஒலியே உடையது. இதனிடையே 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுப்பொறி நிறுவினார். அச்சேறிய எழுத்து நாளடைவில் நிலைத்து நின்றது. ஒலியோ நடந்துகொண்டே சென்றது.

இதுகொண்டு ஆங்கிலத்தை இகழ்தலும் தகாது. எகர ஒகரங்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருப்பவும், ஓலையில் எழுதினோர் அப்புள்ளியை விட்டனர். குறிலோ நெடிலோ என்பதை இடம் நோக்கியே அறியவேண்டியதாயிற்று. 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் போந்த வீரமாமுனிவரே அவ்விடர் தீர வடிவங்களை வேறுபடுத்தினார். இன்றும் 'நடு', 'நாடு' என்பவற்றின் ஈற்றுகரம் எழுத்தில் ஒன்றே. ஒலியில் முன்னது முற்றியலுகரம், பின்னது குற்றியலுகரம். பிறநாட்டார் ஒருவர் இரண்டனையும் ஒருபடித்தாய் ஒலிப்பின், நாம் அவரை நகையோம். தமிழ் கற்க வந்தாரே என்று மகிழ்வோம்.

அம்மகிழ்ச்சியை நம்மவர்க்கும் அளித்தல் ஆகாதோ? பன்னூறு ஆண்டுகட்கு முன் ஏடெழுதினோர் கோல் மாற்றிவைத்த ஓர் எழுத்தின் பொருட்டு, இன்று ஒரு மாணவரின் நா அடங்கிப் போதல் வேண்டா. அவர் பிழைபடவேனும் படிக்கட்டும். ஒலி பின்னர்த் திருந்தும். வாய் திறவாதவர்க்குத் திருத்த யாதுளது?