சட்டம் ஒன்பது, சனம் பூச்சியம்

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. மருமகனின் விளையாட்டுக் கூட்டத்தில் ஒரு பெடியனால் வர முடியவில்லை. "மாமா, ஒராள் குறையுது, கீழ வந்து இருங்கோ" என்று பேஸ்மென்டிலிருந்து குரல் கேட்டது. சீட்டாட்டமாக இருக்கும், 304 நமக்குத் தண்ணி பட்ட பாடு என்று இறங்கிப் போனால், மேசையில் சீட்டுமில்லை, பலகையுமில்லை. பென்சில், கொப்பி, இரண்டு டைஸ். ஒரு மட்டையை நிறுத்தி அதற்குப் பின்னால் மருமகன் ஒளிந்திருந்தான்.

விளையாட்டின் பெயர் 'ட்ரவலர்'. விண்வெளிக் கதை. 1977இல் அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வேர்க்‌ஷொப் என்ற கொம்பனி மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்களாக ஒரு பெட்டியில் போட்டு விற்றது. எழுதியவர் மார்க் மில்லர். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதற்குள் ஆட்களாகி "நான் கதவைத் தட்டுறன்", "நான் ஓடுறன்" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். தட்டினால் திறப்பானா சுடுவானா என்பதை நடத்துபவர் சொல்லுவார். அவருக்கே ஐமிச்சம் வந்தால் டைஸை உருட்டுவார்.

நான் விண்வெளிச் சாரணர் சேவையில் சேர்ந்தேன். நாலு வருடச் சேவைக்கு ஒருமுறை, உயிர் தப்பினோமா என்று உருட்டிப் பார்க்க வேண்டும். முதல் உருட்டிலேயே செத்துப்போனேன். விளையாட்டு இன்னும் தொடங்கவேயில்லை! பழைய விதி அப்படித்தானாம். பெடியள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எனக்கு இன்னோர் ஆளைத் தந்தார்கள்: கடனுக்குக் கப்பல் எடுத்த வியாபாரி. கப்பல் கடன் 480 மாதத் தவணை, அதாவது 40 வருடம். விண்வெளிக்குப் போயும் அமெரிக்கன் மோர்ட்கேஜை விடவில்லை.

பீட்சா எடுக்க எல்லோரும் மேலே போன நேரம், மட்டைக்குப் பின்னால் கிடந்த புத்தகத்தைப் புரட்டினேன். "மாமா, அதைத் தொடாதேங்கோ!" நடத்துபவர் மட்டும் படிக்கிற புத்தகமாம். மற்றவர் படித்தால் ருசி கெட்டுவிடுமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. முல்லை மோடியில் கோவலன் கூத்துப் போட்டால் கொப்பி அண்ணாவியார் கையில்தான் இருக்கும், சரி. ஆனால் கண்ணகி மதுரையை எரிப்பாள் என்று தெரியாத ஒரு குழந்தை அந்தச் சபையில் உண்டா? வட்டாப்பளைப் பொங்கலுக்குப் போகிற சனம் கதையைக் கரைத்துக் குடித்த சனம். தெரிந்த கதைக்குத்தான் விடிய விடியப் பாயில் இருந்து அழுதார்கள். கதையைப் பூட்டி வைத்தால்தான் ருசி என்பது இந்த நாட்டாரின் வறுமை.

கெஞ்சிக் கூத்தாடிப் புத்தகங்களை வாங்கி ஞாயிறு முழுவதும் படித்தேன். 1979இல் வந்த 'ஸ்பின்வார்ட் மார்ச்சஸ்' என்ற நூலில் நானூறுக்கு மேற்பட்ட உலகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. றெஜினா என்றோர் உலகம் (சஸ்கச்சுவான் றெஜினா அல்ல): ஏ788899. முதல் எழுத்துத் துறைமுகம். 'ஏ' என்றால் ஆகத் திறம். அடுத்த ஏழு, விட்டம் ஏழாயிரம் மைல். எட்டு, அடர்ந்த காற்று. அடுத்த எட்டு, எண்பது வீதம் கடல். அதற்கடுத்த எட்டு, கோடிக்கணக்கான சனம். பிறகு வருகிற ஒன்பது முகம் பார்க்காத அதிகாரிகளின் ஆட்சி. கடைசி ஒன்பதுதான் சட்டம்.

இந்தச் சட்ட எண் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, எந்த ஆயுதம் தடை என்பது. எண் ஏற ஏறத் தடை கூடும்: மூன்றில் இயந்திரத் துப்பாக்கி, எட்டில் நீளக் கத்தி, ஒன்பதில் வீட்டு வாசலைத் தாண்டினால் எந்த ஆயுதமும் கூடாது. இரண்டாவது வேலைதான் என்னைப் பிடித்து உலுப்பியது. ஊருக்குள் இறங்கி நடக்கிற ஆள் இரண்டு டைஸை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை சட்ட எண்ணோ அதற்கு மேலோ வந்தால் பேசாமல் போகலாம், குறைந்தால் மறிப்பார்கள். சட்டம் இரண்டென்றால் ஒருநாளும் மறிபடமாட்டீர்கள். ஒன்பதென்றால், இரண்டு டைஸும் விழக்கூடிய 36 விதத்தில் பத்தில் மட்டும் தப்பலாம், இருபத்தாறில் மாட்டுவீர்கள். போர்க்காலத்தில் வவுனியாவிலிருந்து வடக்கே பஸ் ஏறிய எவருக்கும் இந்தக் கணக்குக் கணக்கில்லாமலே தெரியும். அமெரிக்காவில் ஒரு மனிதன் அதை டைஸில் பிடித்துவிட்டானே என்று வியந்தேன்.

ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தபோதுதான் கோபம் வந்தது. சனத்தொகை எண்ணோடு இரண்டு டைஸை உருட்டிக் கூட்டி ஏழைக் கழித்தால் ஆட்சி எண். ஆட்சி எண்ணோடு திரும்ப உருட்டிக் கூட்டி ஏழைக் கழித்தால் சட்ட எண். இரண்டு டைஸின் சராசரியே ஏழு. ஆகவே சனம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் ஆட்சி, ஆட்சி எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சட்டம். சனமில்லாத இடத்தில் ஆட்சிக்கும் சட்டத்துக்கும் என்ன வேலை என்கிறது புத்தகம்.

"எங்கட நாயாற்றுத் தென்கரையை ஓர் உலகமா எழுதுவம்" என்று மருமகனைக் கூப்பிட்டேன். துறைமுகம் 'ஈ': இறங்க ஓரிடம், வேறு வசதி கிடையாது. முகத்துவாரத்துக்கு அது பொருந்தும். சனத்தொகை? எந்த ஆண்டுக்கு என்று கேட்டான். 1984 டிசம்பருக்கு என்றேன். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி எல்லாம் வெளிக்கிடச் சொல்லப்பட்ட மாதம். வயலையும் வலையையும் போட்டது போட்டபடி விட்டு வந்தவர்களில் பெரும்பாலானோர் போர் முடிந்த பிறகுதான் திரும்பிப் போனார்கள். சனம் பூச்சியம். "அப்ப சட்டமும் பூச்சியத்துக்குக் கிட்ட" என்றான் பெடியன். இல்லையடா, ஒன்பது என்றேன். விதி அப்படி இல்லையே மாமா என்று பக்கத்தைக் காட்டினான். விதி அமெரிக்காவில் எழுதியது.

தடைப்பட்டியலும் அப்படித்தான். சட்டம் என்றால் ஆயுதம் மட்டும் என்று நினைக்கிற நாட்டில் எழுதிய பட்டியல். 1990க்குப் பிறகு வடக்கில் எங்களுக்கு வந்த தடையில் ரோச் பற்றரி, சீமெந்து, பெற்றோல், யூரியா எல்லாம் இருந்தன. பற்றரியைக் கொண்டுவந்தவனை மறிக்கிற சட்டத்துக்கு இந்தப் புத்தகத்தில் எண்ணே கிடையாது. தொழில்நுட்பத்தையும் ஒரே எண்ணில் எழுதச் சொல்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாட, அயல் முழுக்கக் கூடியிருந்து செய்தி கேட்ட ஊருக்கு என்ன எண் போடுவார் மில்லர்? அவருடைய விண்கப்பல் பொறியியலாளர் எங்கள் சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு மாதம் வேலை பழகியிருக்கலாம்.

ஒரு விசயத்தில் மட்டும் ஆளைக் கையெடுத்துக் கும்பிடலாம். அந்த விண்வெளியில் கப்பலை முந்தி ஒரு செய்தியும் போகாது. ஒரு தாவலுக்கு ஒரு கிழமை. ராசா செத்தாலும் எல்லையில் உள்ளவனுக்கு மாதங்கள் கழித்துத்தான் தெரியும், அதுவரைக்கும் அவர் பெயரால் வரி கட்டிக்கொண்டிருப்பான். மற்ற விண்வெளிக் கதைகளில் பொத்தானை அமத்தினால் முகம் தெரியும். மில்லருக்கு ஏ9 பாதை பூட்டின காலத்தை யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

நாயாற்று வரிக்குத் திரும்பினோம். இப்போது அங்கே சோளகத்துக்குத் தெற்கிலிருந்து மீன்பிடி வாடி அடிக்க ஆட்கள் வருவார்கள். 2018 ஓகஸ்டில் எங்கள் ஆட்களின் வாடியும் படகும் எரிந்த இடம் அது. சனத்தொகையை எந்தக் காற்றுக்கு எண்ணுவது என்று மருமகன் கேட்டான். இரண்டு வரியாக எழுது என்றேன், சோளகத்துக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று. புத்தகத்தில் இடம் ஒரு வரிக்குத்தான். பக்கத்து வெள்ளையில் எழுதினான்.

நான் சொன்னதை எல்லாம் வைத்து அவன் ஒரு புதிய உலகம் கட்டுகிறான். சனம் பூச்சியம், சட்டம் ஒன்பதுக்கும் மேலே. எங்கள் வியாபாரக் கப்பல் அங்கே இறங்கும்போது எந்தச் சாமான் பறிபடும் என்று அவனுக்கு முழுப்பட்டியல் வேண்டுமாம். எனக்கு நினைவில் நின்றதைக் கொடுத்துவிட்டேன். சென்றியில் உங்களிடமிருந்து இறக்கி வைத்த சாமான் ஏதும் இருந்தால் எழுதுங்கள். எந்த ஆண்டு, எந்தச் சாவடி என்பதும் வேண்டும். அதற்கும் தனித்தனிப் பத்தி அடித்து வைத்திருக்கிறான்.