புகை வராத மருந்தும் அப்பாவின் துப்பாக்கியும்

அமெரிக்காவில் இருக்கும் நம்ம கல்லூரி நண்பன் ஒருத்தன் (பி.காம். கடைசி பெஞ்ச்) மான் வேட்டைக்குன்னு புதுசா துப்பாக்கி வாங்கியிருக்கான். போனில் அரை மணி நேரம் அதே பேச்சுதான். குழல் வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் உள்ளே தள்ளிச் சுடுகிற பழைய ரகம். ஆனா உள்ளே போடுவது கரிமருந்து இல்லை, புகை வராத மருந்து.

"அட, நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கிதானே!" என்றேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது :-)

அவன் சொன்னதிலும் விஷயம் இருக்கு. அங்கே பல மாநிலங்களில் இந்த ரகத் துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டும் தனியாக வேட்டை நாட்கள் உண்டு. அதனால் வசதி இருந்தும் பழைய முறையைத் தேடிப் போகிறார்கள். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கரிமருந்து குழலுக்குள் கசடு விடும். அது ஈரத்தை இழுக்கும், அன்றைக்கே கழுவாவிட்டால் துரு. 1884-ல் பிரான்ஸில் பால் வியே கண்டுபிடித்த புகையில்லா மருந்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அழுத்தம் மிக அதிகம். சாதாரணக் குழலில் போட்டால் குழலே வெடித்துச் சுடுகிறவன் கையோ கண்ணோ போய்விடும். அதற்கென்றே கெட்டியான குழலோடு செய்த துப்பாக்கியில்தான் போடலாம். சாவேஜ் கம்பெனி ஹென்றி பால் என்பவரின் வடிவமைப்பில் 10எம்எல் என்று ஒன்று தயாரித்து, பிறகு நிறுத்திவிட்டது. கொலராடோவில் அந்தத் தனி நாட்களில் புகையில்லா மருந்துக்கே தடை.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

எங்க ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி பக்கம். கேழ்வரகும் நிலக்கடலையும்தான் வெள்ளாமை. காப்புக்காடு கூப்பிடு தூரம். அப்பாவிடம் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது, லைசென்ஸோடுதான். 1959 ஆயுதச் சட்டம் 13-ம் பிரிவிலேயே பயிர்ப் பாதுகாப்புக்கு இந்த ரகத் துப்பாக்கி என்று எழுதியிருக்கிறது.

அப்பா அதில் குண்டு போட்டு நான் பார்த்ததில்லை. பரண் மேல் உட்கார்ந்து, மருந்தை மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பன்றிக் கூட்டம் திரும்பிவிடும். பக்கத்துக் காட்டுக்காரர்களும் முழித்துக்கொண்டு தகரம் தட்டுவார்கள். நண்பனுக்குப் புகை இடைஞ்சல், சத்தம் மானை ஓட்டிவிடும். அப்பாவுக்கு வேண்டியதே அந்தச் சத்தமும் புகையும்தான்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது. வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். தம்பிக்கு அதற்கு அலையப் பொறுமையில்லை. அம்மா போனில் சொல்வது: "நீ கலெக்டர் ஆபீஸ் பக்கத்துலதானே குடியிருக்க, ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் குடு சாமி." நான் குடியிருப்பது காக்கநாட்டில். இங்கே இருப்பது எர்ணாகுளம் கலெக்டர் ஆபீஸ். அம்மாவுக்கு எல்லாக் கலெக்டரும் ஒருத்தர்தான்!

இங்கே கதை வேறு. 2022-ல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் சேட்டன்களைக் கூப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அறிவிப்புப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எங்க நிலம் முதல் கிலோமீட்டருக்குள். அதாவது பன்றி அதிகம் வரும் இடம்.

எனக்குப் பயம் பன்றியிடம் இல்லை. போன கடலைப் பட்டத்தில் பாதி போனதும் தம்பி சொன்னான்: "லைசென்ஸ் இல்லாம ஒண்ணு கிடைக்குதுண்ணா, வாங்கிடட்டுமா?" 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குக் குறைந்தபட்சமே 2 வருஷம் ஜெயில். அதில் யாராவது ஒரு மானை அடித்துவிட்டால் 1972 வன உயிரினச் சட்டமும் சேரும். கடலைக்குப் போட்ட கடனை ரெண்டு பட்டத்தில் அடைக்கலாம், இதை அடைக்க முடியாது. இருபது வருஷமா கடன் கொடுக்கிற உத்தியோகம், இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே தெரியும்.

தம்பிக்கு ரெண்டு விஷயம் சொல்லியிருக்கிறேன். ஒன்று, வாரிசு மனுவைப் போடு, லீவு போட்டு நானும் கூட வருகிறேன். லைசென்ஸ் கிடைத்தால் இப்போது 5 வருஷம் செல்லும். இரண்டு, வனவிலங்குச் சேதத்தையும் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் சொல்லியிருக்கிறது, 2026 காரிஃப் முதல். நம்ம மாநிலமும் அறிவிக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் போட்டோ எடுத்து அனுப்பணும். அதனால் பரணுக்குப் போகும்போது போனில் சார்ஜ் இருக்கட்டும்.

தம்பி சொன்ன பதில்: "போட்டோ புடிச்சா பன்னி ஓடுமாண்ணா?"

ஓடாதுதான். உங்க ஊரில் என்ன செய்கிறீர்கள்? துப்பாக்கி இல்லாத யோசனை இருந்தால் சொல்லுங்க, தம்பிக்கு அனுப்பி வைக்கிறேன்.