கடையின் பெயர் யார் பெயரில் இருக்கிறது?

எங்கள் விக்கிரமங்கலம் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகர்ந்ததில்லை. ஆயினும் அதன் மாவட்டம் நான்கு முறை மாறியிருக்கிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த ஊர் 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்தோடு சென்றது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. மறு ஆண்டே அம்மாவட்டம் கலைக்கப்பட்டுப் பெரம்பலூரோடு மீண்டும் இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் அரியலூர் திரும்பவும் மாவட்டமாயிற்று. ஒவ்வொரு முறையும் கடைகளின் பெயர்ப்பலகையில் கடைசி வரியை அழித்து எழுத வேண்டியதாயிற்று. திருச்சியில் முப்பதாண்டுக் காலம் அச்சகம் நடத்தியவன் நான். ஊர்க்காரர்களின் பில் புத்தகங்களை மாற்றி மாற்றி அச்சடித்துக் கொடுத்தவன் என்பதால் இந்த ஆண்டுகளெல்லாம் எனக்கு மனப்பாடம். பிழைப்பைப் பொறுத்தவரை அரசாங்கத்துக்கு நான் நன்றி சொல்லவே கடமைப்பட்டவன்!

போதாக்குறைக்கு, மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கத்தில் இன்னொரு விக்கிரமங்கலம் இருக்கிறது. பழந்தமிழ்க் கல்வெட்டுக்காக அறிஞர்கள் தேடிச் செல்லும் ஊர் அது. கைப்பேசியில் ஊர்ப்பெயரை மட்டும் தட்டிப் பார்ப்பவர் அங்கே போய் நின்றாலும் வியப்பதற்கில்லை.

இன்றைய சிறு வியாபாரிக்கு இவற்றோடு வேறொரு முகவரியும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் இணைய முகவரி. மாவட்டங்கள் பிரிந்தாலும் சேர்ந்தாலும் அது மாறுவதில்லை. ஆனால் கவனிப்பாரில்லாவிட்டால் ஒரே நாளில் கைவிட்டுப் போய்விடும். என் தங்கையின் வீட்டில் அப்படித்தான் போயிற்று.

தங்கையின் கணவர் வளைகுடாவில் பதினாறு ஆண்டுகள் வாகனம் ஓட்டியவர். கொரோனா பரவிய 2020-இல் வேலை இழந்து ஊர் திரும்பினார். கையிருப்புக் கரையத் தொடங்கியபோது தங்கைதான் துணிந்தாள். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரிக் காடுகளுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து பருப்பை வாங்கிவந்து, வீட்டிலேயே தரம் பிரித்து, கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டுகளாகக் கட்டி விற்கலானாள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்த உறவினர் முதலில் வாங்கினர். பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்டனர். நோன்பு மாதத்தில் மட்டும் மற்ற நான்கு மாத விற்பனை நடந்துவிடும்.

அந்நிலையில், நகரத்திலிருந்த ஓர் இளைஞர் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அவளுக்கு இணையதளம் ஒன்று அமைத்துக் கொடுத்தார். குறை சொல்ல முடியாத நல்ல வேலை. அந்த முகவரியைப் போட்டு ஐயாயிரம் லேபிள்கள் அடித்தாயிற்று. மேலே 786, நடுவில் கடைப்பெயர், கீழே இணைய முகவரி.

இரண்டாண்டுகள் கழிந்தன. இளைஞர் வேலை கிடைத்து மலேசியா சென்றார்; அவருடைய கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது. 2024 ரமளானுக்கு இரண்டு வாரம் இருக்கையில் தளம் திறக்கவில்லை. முகவரிக்குரிய ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் தம் பெயரிலேயே அதைப் பதிந்திருந்தார். நினைவூட்டும் கடிதங்களெல்லாம் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் கருதவில்லை. யார் பெயரில் பதிவது என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அந்த நோன்பு மாதத்து விற்பனை பாதியாகக் குறைந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் பேசினார். "தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. பாக்கெட்டில் இருக்கிற முகவரியைத் தட்டினால் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது. பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்" என்றார். கைவிடப்பட்ட முகவரியை யாரோ வாங்கிச் சூதாட்டத் தளமாக்கி விட்டார்கள். அன்றிரவு தங்கையும் அவள் மகளும் விடிய விடிய உட்கார்ந்து, மிச்சமிருந்த லேபிள் ஒவ்வொன்றிலும் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்தார்கள். விற்றுப்போன பாக்கெட்டுகளை என்ன செய்வது?

இணைய முகவரியை நாம் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். '.இன்' என்று முடியும் இந்திய முகவரிகளை 2003-இல் நிறுவப்பட்ட 'நிக்ஸி' என்னும் அமைப்பு நிர்வகிக்கிறது. 2005 முதல் பொதுமக்கள் எவரும் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு நிறுவனங்கள் பல உண்டு. ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சம் வரை ஆகும். தளத்தை அமைத்துக் கொடுக்கும் கூலி வேறு, அதை வைத்திருக்கும் கணினிக்கான வாடகை வேறு, முகவரிக் கட்டணம் வேறு. மூன்றையும் ஒரே தொகையாகப் பேசிக் கொடுத்துவிடுவதால்தான் பலருக்கு இந்த வேறுபாடு தெரியாமற் போகிறது. பதிவேட்டில் உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் என்று இடங்கள் உள்ளன. அந்த மின்னஞ்சல் யாருடையதோ அவரிடமே சாவி இருக்கிறது. வயல் வாங்கும்போது பட்டா யார் பெயரில் என்று பத்து முறை கேட்கிற நாம், இதைக் கேட்பதில்லை.

தவணை தவறிய முகவரி உடனே பறிபோய்விடாது. பொதுவாகச் சில வாரங்கள் பழைய உரிமையாளருக்கே வாய்ப்பளிக்கிறார்கள். நாள் செல்லச் செல்ல மீட்கும் கட்டணம் கூடும். ஆனால் உரிமையாளர் என்று பதிவாகியிருப்பவர்தான் மீட்க இயலும். தங்கை பதிவு நிறுவனத்துக்கு எழுதியபோது, 'நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்லர்' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. சட்டப்படி அது சரியான பதிலே.

படிக்காதவர்க்கும் எளியவர்க்கும் மட்டுமே இப்படி நேரும் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டவரான சபீர் பாட்டியா நண்பரோடு சேர்ந்து 1996-இல் தொடங்கி, மறு ஆண்டே மைக்ரோசாஃப்டுக்கு விற்ற ஹாட்மெயிலை வாசகர்கள் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். 1999 டிசம்பர் இறுதியில் பலரால் அதற்குள் நுழைய முடியவில்லை. நுழைவாயிலாக இருந்த 'பாஸ்போர்ட்' என்னும் முகவரிக்குக் கட்ட வேண்டிய 35 டாலரை அம்மாபெரும் நிறுவனம் கட்டாமல் விட்டிருந்தது! அமெரிக்கக் கணினிப் பணியாளர் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்துத் தம் கைப்பணத்தைக் கட்டிய பிறகே சீரானது. அவர் நல்ல மனிதர். என் தங்கைக்கு வாய்த்தவர் சீட்டாட்டக்காரர்.

வழக்குப் போடலாமே என்று உறவினர் சிலர் கொதித்தனர். வழியில்லாமல் இல்லை. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தொடுத்த வழக்கில், இணைய முகவரியும் வணிகப் பெயரைப் போலவே பாதுகாப்புக்கு உரியது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. '.இன்' முகவரித் தகராறுகளைத் தீர்க்க நிக்ஸியிடமே தனி நடைமுறை உண்டு. ஆனால் தவணை தவறியதை வாங்கியவர்மீது குற்றத்தை நிறுவ வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் வேறு. அரைக் கிலோ முந்திரியில் வரும் இலாபம் அதற்குத் தாங்காது.

"இத்தனை வம்பு எதற்கு மச்சான்? வாட்ஸப்பிலேயே வியாபாரம் செய்துவிட்டுப் போகிறோம்" என்றார் தங்கை கணவர். அவர் சொல்வதில் பாதி சரி. தேநீர்க்கடைக்கும் இறைச்சிக்கடைக்கும் இணையதளம் வேண்டியதே இல்லை. கூகுள் வரைபடத்தில் கடை சரியான இடத்தில் இருந்து, தொலைபேசி எண்ணும் சரியாக இருந்தால் போதும். வெளியூருக்கு அனுப்புகிறவர் நிலை வேறு. டிக்டாக்கில் பொருளைக் காட்டி விற்று வந்தவர்கள் நம் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று அரசு அதைத் தடை செய்தது. சேர்த்து வைத்த வாடிக்கையாளர்களும் அத்தோடு போயினர். சிறு வியாபாரிகளுக்கு இலவசமாகத் தளம் அமைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் 2017 முதல் தந்துவந்தது. 2024 மார்ச்சில் அந்தத் தளங்களை மூடியும்விட்டது. இலவசமாகத் தந்தவர்கள் மூடினார்கள். அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. அவையெல்லாம் சந்தைத் திடல்கள். அங்கே கடை விரிப்போம், விற்போம். ஆனால் லேபிளில் அச்சிடும் முகவரி நம் பெயரில் பதிந்ததாக இருக்கட்டும். திடல் மாறினாலும் அந்த முகவரியைப் புதிய திடலுக்குத் திருப்பிவிட்டுக்கொள்ளலாம்.

தங்கை இப்போது புது முகவரியைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில், ஐந்தாண்டுக்குச் சேர்த்துப் பதிந்திருக்கிறாள். கடவுச்சொல்லை எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்தாயிற்று. மகளுக்கும் அது தெரியும்.

தளத்தில் என்ன எழுதுவது என்பதில் மட்டும் நான் தலையிட்டேன். அச்சகத்தில் நான் கண்டது இது: நோட்டீஸ் அடிக்க வருபவர் முதலில் பூவேலைப்பாடு கேட்பார், பிறகு திறப்பாளர் பெயர்களைச் சொல்வார். கடைசியில் தொலைபேசி எண்ணுக்கு இடமிருக்காது. இணையதளத்திலும் 'அன்புடன் வரவேற்கிறோம்' என்று படங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, விலையைக் காணோம். வாங்க வருபவர் அறிய விரும்புவது என்ன பொருள், என்ன தரம், என்ன விலை, அஞ்சல் செலவு எவ்வளவு, எத்தனை நாளில் வரும் என்பதே. முந்திரியில் 180, 240, 320 என்று எண்கள் போடுகிறார்களே, அது ஒரு பவுண்டு எடையில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், எத்தனை பருப்பு இருக்கும் என்பதைக் குறிக்கும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. பாயசத்துக்கும் பிரியாணிக்கும் உடைத்த பருப்பே போதும், 180 வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்றும் தங்கை எழுதியிருக்கிறாள். வியாபாரத்துக்கு இது கெடுதல் என்றார் அவள் கணவர். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு அழைப்பவர்கள்தாம் இப்போது அதிகம்.

இரவல் படம் போடவில்லை. முற்றத்து வெளிச்சத்தில் எடுத்த சொந்தப் படங்களைச் சிறிதாக்கிப் போட்டிருக்கிறாள், பழைய கைப்பேசியிலும் விரைவாகத் திறக்கும். தமிழை யூனிகோடு எழுத்தாகவே தட்டச்சு செய்திருக்கிறாள். படத்துக்குள் எழுதிய எழுத்து தேடுபவர் கண்ணில் எளிதில் படாது. உணவுப் பாதுகாப்புப் பதிவெண், நிகர எடை ஆகியவற்றோடு, 2020-இல் வந்த மின் வணிக விதிகள் கேட்கிறபடி விற்பவரின் பெயர், முழு முகவரி, குறைகளைச் சொல்ல ஓர் எண் ஆகியவையும் உள்ளன. 'விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம்' என்பதை அஞ்சல் குறியீட்டோடு கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன்.

ஐந்தாண்டுக்குப் பிறகு தவணையை யார் நினைவில் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. தங்கையின் கணக்கெல்லாம் பிறைக்கணக்கு. ஸகாத்துக் கணக்கைப் பார்ப்பதும் ரமளானில்தான். "அப்படியானால் வருடந்தோறும் ஷஃபான் பிறை கண்டதும் ஓராண்டுக்குக் கட்டிவிடு. ஆங்கில ஆண்டைவிடப் பதினொரு நாள் முந்தியே வரும், தவணை தவறாது" என்றேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "முப்பத்துமூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வருஷத்துப் பணம் அதிகமாகப் போகுமே அண்ணே?" என்றாள். பிறகு தானே, "போனால் போகட்டும்" என்று சொல்லி நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்.