கண்ணாடித் தண்ணீர்

சில வருஷம் முன்பு மாலத்தீவில், மாலேயிலிருந்து ஒரு குட்டித் தீவுக்குக் கடல் விமானத்தில் போனேன். ட்வின் ஆட்டர். சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள். பைலட் காலில் செருப்புகூட இல்லை. அதைப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

தீவு வந்தது. கீழே கடலில் சின்ன அலைகூட இல்லை. 'அப்பாடா, நல்ல நாள்!' என்று நினைத்தேன். இறங்கிக்கொண்டிருந்த விமானம் திடீரென்று மேலே ஏறி ஒரு வட்டம் அடித்தது. என் பி.காம். மூளை எரிபொருள் செலவைக் கணக்குப் போட்டது. பக்கத்து சீட்காரர் வாட்ச்சைப் பார்த்து உச்சுக் கொட்டினார். நானும்தான்.

இறங்கியதும் பைலட்டிடம் கேட்டேன். சிரித்தார். அலையே இல்லாத தண்ணீர்தான் ஆபத்தாம். கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும், உயரம் பிடிபடாது. இன்னும் முப்பது அடி இருக்கிறது என்று நினைக்கும்போதே மோதிவிடலாம். தண்ணீர் வந்துவிட்டது என்று முன்கூட்டியே மூக்கைத் தூக்கினால், வேகம் குறைந்து தொப்பென்று விழலாம். அதனால் கண்ணை நம்பாமல் கருவியைப் பார்த்து, நிமிடத்துக்கு சுமார் 150 அடி வீதம், மிதவை தண்ணீரைத் தொடும் வரை மெள்ள இறக்குவார்கள். கரையை ஒட்டி இறங்கினால் கண்ணுக்கும் ஓர் அளவு கிடைக்கும்.

''முதல் தடவை எனக்குச் சந்தேகம் வந்தது. ஏறிட்டேன். அவ்வளவுதான் சார்!''

சந்தேகம் வந்தால் இறங்காதே. எளிமையான விதி. ஆனால், பின்னால் பத்துப் பேர் வாட்ச்சைப் பார்க்கும்போது அதைக் கடைப்பிடிக்கத் தைரியம் வேண்டும். எங்கள் முகத்துக்காக அவர் இறக்கியிருந்தால், இந்தப் பக்கத்தில் இன்று வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்!